ரெகுலேட்டர்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
நெல் லாரிகள் என் கடைவாசல்வரை நிற்கும்.
என்ஜினை அணைக்க மாட்டார்கள்.
அதையும் மிஞ்சிக் கத்தும்
மேசைக்கடியில் என் கம்ப்யூட்டர்.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைதிறப்புக்கு
வருகிறவர்கள் அவர்களே சத்தத்தோடு வருவார்கள்.
கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்கள் அப்படியில்லை.

கோவில்வெண்ணியிலிருந்து வந்த அம்மா
மகனின் சின்னப் போட்டோவை
மேசைமேல் வைத்தார், விரலை எடுக்காமல்.
பெயர் கேட்டேன். சொன்னார். தட்டினேன்.
‘செழியன் இல்ல தம்பி. சேரன்.’
என்ன என்றேன், காதை நீட்டி.
மூன்றாவது முறை
இளஞ்சேரன் என்று அவர் போட்ட சத்தத்தில்
ஒரு லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார்,
பக்கத்தில் எங்கோ நிற்கிற பையனைக்
கூப்பிடுவதாக நினைத்து.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
நாலு வருஷ அறுவடை உள்ளே கிடந்தது.
பதர். சுணை. சாலைப் புழுதி.
கார்த்திகையில் வெளிச்சத்துக்கு வந்து செத்த
பச்சைத் தத்துப்பூச்சிகள்
ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் அப்பியிருந்தன.
பவர் சப்ளை ஓரத்தில் ஒரு குளவி
மண்ணால் வீடு கட்டி, காலி செய்துவிட்டும் போயிருந்தது.

முதலில் பெயின்ட் பிரஷ், அப்புறம் ப்ளோயர்.
ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்;
விட்டால் வெறிபிடித்துச் சுற்றி பேரிங் போய்விடும்.
பிராசசர் மேல் பூசிய பேஸ்ட்
டப்பாவில் காய்ந்த வெற்றிலைச் சுண்ணாம்பாக உதிர்ந்தது.
துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தேன்.
தையற்கடை ஹபீபிடம் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.
பழைய சைக்கிள் டியூபை வெட்டி
திருகுகளுக்கு அடியில் வாஷர்.

அப்படியும் ஒரு ரீங்காரம்.

எண்பது மில்லிமீட்டர் ஃபேன், சின்ன வாய்.
மறுநாள் மன்னார்குடி போய்
நூற்றிருபது வாங்கிவந்தேன். துளை பொருந்தவில்லை.
வயர் கட்டுகிற டேக்கால் இழுத்துக் கட்டினேன்.
பெரிய இறக்கை மெல்லச் சுற்றினாலும் அதே காற்று.
மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு
இதை யாரும் விளக்க வேண்டாம்.
அகலத்தில் ஆறு சத்தமில்லாமல் போகும்,
மதகு இடுக்கில்தான் உறுமும்.

பயாஸுக்குள் போய் முறை வைத்தேன்.
ஐம்பது டிகிரி வரை கால் பங்கு,
அறுபதைத் தாண்டினால் அரை,
எழுபதுக்கு மேல் முழுக்கத் திற.
ஆற்றுக் கதவுக்கும் ரெகுலேட்டர்தான்,
சுவரில் விசிறிக்குத் திருகுவதும் ரெகுலேட்டர்தான்.
இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

பிறகு கடையில் இருந்தவை கேட்டன.
ஹார்ட் டிஸ்கின் எலிச்சுரண்டல்.
டியூப்லைட் சோக்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஹபீப் கணக்குப் போடுவது,
தப்பாக.

செவ்வாய்க்கிழமை பூவனூரிலிருந்து மூன்று பேர்.
மூத்தவர் தாழ்ந்த குரலில் ஒரே தடவை சொன்னார்,
பக்கிரிசாமி, அறுபத்தொன்று.
கேட்டது. தட்டினேன். ஒரு எழுத்து பிசகவில்லை.
எனக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அப்போது பின்னால் நின்ற பையனின் தொண்டையில்
ஏதோ இடறியது.
எல்லாருக்கும் கேட்டுவிட்டது.
அவன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான்.
அண்ணன்கள் தரையைப் பார்த்தார்கள்.
நான் எழுத்துருப் பட்டியலை
மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன்.
ஒளிந்துகொள்ள அந்த அறையில்
ஒரு சத்தமும் மிச்சமில்லை, நான் வைக்கவில்லை.

முன்னாலும் இப்படி அழுதிருப்பார்கள்,
அந்த இரைச்சலுக்கு அடியில், எத்தனை பேரோ.

எழுந்து போய் சீலிங் ஃபேனை
ஐந்தில் திருகினேன்.
தடக், தடக் என்று ஒரு பக்கம் இழுத்துச் சுற்றும் ஃபேன்.
ஆர்டர் நோட்டு படபடத்தது, ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தேன்.
பையன் துண்டை எடுத்துவிட்டான்.

‘பிழை இருக்கான்னு பாத்துக்குங்க’ என்றேன்
கொஞ்சம் சத்தமாக.

தை மாதம். வெளியே பனி.
எதற்கு ஃபேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.